38-7 என்று பின்தங்கிய பிறகும் களத்தில் ஏன் ஜேடன் டேனியல்ஸ்? - வாஷிங்டன் ரசிகர்களின் கோபமும் பின்னணியும்

2025 நவம்பர் 2, ஞாயிறு இரவு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய லேண்டோவர் மைதானம். ஆட்டம் முடிய எட்டு நிமிடம்கூட இல்லை. ஸ்கோர்போர்டில் சியாட்டில் சீஹாக்ஸ் 38, வாஷிங்டன் கமாண்டர்ஸ் 7. இனி ஜெயிக்க வழியே கிடையாது என்பது மைதானத்தில் சோளப்பொரி விற்பவருக்கும் தெரியும்.

அந்த நேரத்திலும் வாஷிங்டன் அணியின் குவாட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் களத்தில்தான் இருந்தார். பந்தோடு ஓடினார். எதிரணி வீரர் அவரைப் பிடித்து வீழ்த்தியபோது இடது கை தரையில் ஊன்றியது. முழங்கை வளையக்கூடாத பக்கம் வளைந்தது. மூட்டு விலகிவிட்டது. ரீப்ளே பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ரசிகர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். “முப்பத்தோரு பாயின்ட் பின்னாடி இருக்கோம். இன்னும் எதுக்குய்யா அவரை ஆட விடறீங்க?”

கேள்வி நியாயமானது. தலைமைப் பயிற்சியாளர் டான் குவின், டேனியல்ஸைக் களத்தில் விட்டது தன் தவறுதான் என்று பிறகு ஒப்புக்கொண்டார். பயிற்சியாளர்கள் பொதுவாக இப்படி வெளிப்படையாக ஒப்புக்கொள்வதில்லை. அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் ஒப்புக்கொண்டதால் கோபம் அடங்கவில்லை. காரணம், இந்த ஊர் ரசிகர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. இதே மைதானத்தில், இதே சியாட்டில் அணிக்கு எதிராக, இன்னொரு இளம் குவாட்டர்பேக்கின் முழங்கால் மடங்கியதைப் பார்த்தவர்கள் அவர்கள். அது நடந்தது 2013 ஜனவரி 6.

குவாட்டர்பேக் என்றால் யார்?

அமெரிக்கன் ஃபுட்பால் நம்மூர் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட், தோளில் கவசம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இப்படியே எதிரணியின் எல்லைவரை போய்ச் சேர்ந்தால் டச் டவுன்.

ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் போய்ச் சேர்வது குவாட்டர்பேக்கின் கைக்குத்தான். எறிவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா? இரண்டு மூன்று விநாடியில் முடிவெடுக்க வேண்டும். அந்த நேரத்தில் 120 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் அவரைத் தேடி ஓடி வருவார்கள். கிரிக்கெட்டில் கேப்டன், ஓப்பனிங் பேட்ஸ்மேன், விக்கெட் கீப்பர் மூவரையும் ஒரே ஆளாக்கி, ஒவ்வொரு பந்துக்கும் அவரை நான்கு பேர் இடித்துத் தள்ள அனுமதித்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான்.

அதனால் நல்ல குவாட்டர்பேக் கிடைப்பது அபூர்வம். கிடைத்துவிட்டால் ஊரே பத்து வருடக் கனவு காணும். அடிபட்டால் ஒரு சீசன் மட்டுமல்ல, சில சமயம் அந்தக் கனவு மொத்தமும் போய்விடும். சீசனுக்கு 17 ஆட்டம்தான் (2020 வரை 16). ஐபிஎல் போல இரண்டு நாளைக்கு ஒரு ஆட்டம் கிடையாது. வாரம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தோற்றால் அடுத்த ஞாயிறுவரை அதையே அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வாஷிங்டனுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1982, 1987, 1991 சீசன்களில் மூன்று சூப்பர் பவுல் கோப்பைகள். மூன்றுக்கும் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் ஒருவர்தான். குவாட்டர்பேக்குகளோ மூன்று வேறு ஆட்கள்: ஜோ தைஸ்மன், டக் வில்லியம்ஸ், மார்க் ரிப்பியன். பயிற்சியாளர் சரியாக இருந்தால் போதும் என்ற நினைப்பு அந்த ஊர்ப் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் இது. அந்த நினைப்போடு வளர்ந்தவர்கள், பயிற்சியாளர் தப்பு செய்யும்போது இரட்டிப்பாகக் கோபப்படுகிறார்கள்.

ஆர்ஜி3: கனவு உடைந்த கதை

2012-ல் வாஷிங்டன் அணி ஒரு பெரிய சூதாட்டம் ஆடியது. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் இரண்டாவது இடத்தைப் பெறுவதற்காக, மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு இரண்டாம் சுற்று வாய்ப்பையும் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்தது. எல்லாம் ஒரே ஓர் ஆளுக்காக. பேலர் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கிரிஃபின் III. சுருக்கமாக ஆர்ஜி3.

முதல் சீசனிலேயே கொடுத்த விலை சரிதான் என்று தோன்றிவிட்டது. 20 டச் டவுன் பாஸ், எதிரணி பிடித்தது 5 மட்டும். ஓடியே எடுத்தது 815 கெஜம். முதல் ஒன்பது ஆட்டத்தில் மூன்றே வெற்றி என்றிருந்த அணி, கடைசி ஏழையும் ஜெயித்தது. 1999-க்குப் பிறகு முதல் முறையாகப் பிரிவு சாம்பியன். ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதும் அவருக்கே. ஊர் முழுக்க 10-ம் எண் ஜெர்சி.

ஆனால் அந்த ஏழு வெற்றிக்கு நடுவில் ஒரு சின்ன நெருடல் இருந்தது. டிசம்பர் 9. பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் பெருத்த உடல்வாகு கொண்ட ஹலோட்டி இங்காட்டா மோதியதில் கிரிஃபினின் வலது முழங்கால் சாட்டையைப்போல் துவண்டது. வெளியே போனார், உடனே திரும்பி வந்தார், சில பந்துகள் ஆடினார், முடியாமல் மறுபடி வெளியேறினார். டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் ஆடலாம் என்று சொன்னதால்தான் திரும்ப அனுப்பியதாகப் பயிற்சியாளர் மைக் ஷனஹன் அப்போது தெரிவித்தார். ஆண்ட்ரூஸ் சாதாரண டாக்டர் அல்ல. அமெரிக்க விளையாட்டு உலகில் மூட்டு அறுவை சிகிச்சை என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர்.

2013 ஜனவரி 6 காலை, ஆட்டம் தொடங்கும் முன்பே, யுஎஸ்ஏ டுடே நாளிதழில் ஆண்ட்ரூஸின் பேட்டி வந்தது. கிரிஃபின் அன்று தன்னைப் பரிசோதிக்கவே விடவில்லை, வீரர்களுக்கு நடுவே புகுந்து நேராகக் களத்துக்கு ஓடிவிட்டார், தான் அனுமதி கொடுக்கவில்லை என்பதே அதன் சாரம். டாக்டர் சொன்னதாகப் பயிற்சியாளர் சொல்கிறார். நான் சொல்லவே இல்லை என்கிறார் டாக்டர். அதே நாள் மாலையில் பிளேஆஃப் ஆட்டம்.

அன்று நடந்ததை வாஷிங்டன் ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். முதல் கால்பகுதியிலேயே 14-0 என்று முன்னிலை. ஆனால் இரண்டாவது டச் டவுனுக்குச் சற்று முன், பந்தை எறிந்த கையோடு கிரிஃபின் காலை இழுத்துக்கொண்டு தடுமாறினார். அதற்குப் பிறகு அவர் ஓடியது ஓட்டமே அல்ல, நொண்டல். மைதானமும் அன்று படுமோசம். புல் பெயர்ந்து மண் கிளம்பியது. சியாட்டில் வீரர் கிறிஸ் கிளெமன்ஸுக்கும் அதே ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது.

இடைவேளை வந்தது, போனது. மூன்றாவது கால்பகுதி முடிந்தது. கிரிஃபின் இன்னும் களத்தில். மாற்று குவாட்டர்பேக் கிர்க் கசின்ஸ் உடம்பைத் தயார்படுத்திக்கொண்டு வெளியே நின்றார். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் பயிற்சியாளருக்கு மட்டும் தெரியவில்லையா என்ன?

தெரிந்தது. அதனால்தான் கேட்டார். வலி வேறு, காயம் வேறு, எனக்கு இப்போது வலிதான், வாய்ப்பு கொடுங்கள் என்று கிரிஃபின் கேட்டுக்கொண்டதாக ஷனஹன் ஆட்டம் முடிந்ததும் சொன்னார். அந்த வருடம் முழுக்க அணியைத் தோளில் சுமந்தவருக்குத் தொடர்ந்து ஆடும் உரிமை இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

நான்காவது கால்பகுதியில் பந்து சரியாகக் கைக்கு வரவில்லை. தரையில் உருண்டது. எடுக்கக் குனிந்தபோது யாரும் தொடாமலே முழங்கால் மடங்கியது. பந்தை சியாட்டில் எடுத்தது. 24-14. மூன்று நாள் கழித்து அறுவை சிகிச்சை. செய்தவர் அதே ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ். கல்லூரிக் காலத்தில், 2009-ல், கிழிந்து தைத்த அதே வலது முழங்கால்.

2013 சீசனின் முதல் ஆட்டத்துக்கே அவர் வந்துவிட்டார். ஆனால் பழைய ஆள் வரவில்லை. பயிற்சியாளருக்கும் அவருக்கும் நடுவே இருந்த நம்பிக்கை அந்த முழங்காலோடு சேர்ந்து போயிருந்தது. சீசனின் கடைசி மூன்று ஆட்டத்தில் கிரிஃபினை உட்கார வைத்தார் ஷனஹன். காரணம்? காயத்திலிருந்து பாதுகாக்க! ஜனவரியில் நொண்டியவரை ஆட வைத்தவர், டிசம்பரில் நடமாடுகிறவரைப் பாதுகாக்கிறாராம். ரசிகர்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழித்தார்கள். 3 வெற்றி, 13 தோல்வி. டிசம்பர் 30 அன்று ஷனஹன் நீக்கப்பட்டார்.

2014 டிசம்பரில் ராம்ஸ் அணி லேண்டோவருக்கு வந்தது. டாஸ் போடும்போது கேப்டன்களாக ஆறு பேரை அனுப்பியது. ஆறு பேரும், கிரிஃபினுக்காக வாஷிங்டன் கொடுத்த வாய்ப்புகளின் வழியே அந்த அணிக்குக் கிடைத்த வீரர்கள். ஆட்டத்தில் 24-0 என்று ஜெயித்தது வேறு. வெந்த புண்ணில் வேல் என்பார்களே, அது. கிரிஃபின் அன்று தொடக்க ஆட்டக்காரராகக் களமிறங்கவில்லை. 2015 சீசன் முழுக்க ஒரு பந்துகூட ஆடவில்லை. 2016 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது.

ஆடுகிறவரிடமே கேட்பது சரியா?

இந்தக் கதையில் ஷனஹனை வில்லனாக்கி முடித்துவிடுவது எளிது. டென்வருக்கு இரண்டு சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தவர் அவர். அன்று வாஷிங்டனில் அவருக்குக் கீழே இருந்த அவர் மகன் கைல் ஷனஹன், ஷான் மெக்வே, மேட் லஃப்ளோர் மூவருமே பிற்பாடு தலைமைப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். விஷயம் தெரியாத கூட்டம் அல்ல அது. அவ்வளவு மூளைகள் இருந்தும், நொண்டிக்கொண்டிருந்த 22 வயதுப் பையனை யாரும் வெளியே கூட்டிவரவில்லை.

தவறு கேள்வியிலேயே இருக்கிறது. “முடியுமா?” என்று ஆட்டக்காரரிடம் கேட்டால், “முடியும்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. முடியாது என்று சொல்லிப் பழகியவர் அந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டார். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்பவன்தான் வீரன் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி வளர்த்துவிட்டு, முக்கியமான நேரத்தில் அவரையே நீதிபதியாக உட்கார வைப்பது என்ன நியாயம்? பொறுப்பை இறக்கி வைப்பதற்கு அது வசதியான வழி. “அவர்தானே ஆடறேன்னு சொன்னார்” என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

2025 நவம்பரில் நடந்தது இதைவிட மோசம் என்றும் சொல்லலாம், மோசம் இல்லை என்றும் சொல்லலாம். டேனியல்ஸ் அன்று நொண்டவில்லை. அடிபடும்வரை ஆடத் தகுதியோடுதான் இருந்தார். ஆனால் அந்த சீசனில் ஏற்கெனவே முழங்கால் காயத்தால் இரண்டு ஆட்டம், தொடைத் தசைக் காயத்தால் ஒரு ஆட்டம் வெளியே இருந்தவர். அன்றுதான் திரும்பி வந்திருந்தார். 2013-ல் ஷனஹனுக்கு ஒரு சபலம் இருந்தது. பிளேஆஃப், ஜெயிக்க வாய்ப்பு இருந்த ஆட்டம். குவினுக்கு எந்தச் சபலமும் இல்லை. 31 புள்ளி பின்தங்கிய ஆட்டத்தில் சம்பாதிக்க என்ன இருக்கிறது? பேராசையால் எடுத்த தவறான முடிவு ஒன்று. முடிவே எடுக்காமல் விட்டது இன்னொன்று. ரசிகர்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் வலித்திருக்கும். பேராசையைக்கூட மன்னித்துவிடலாம், அவர்களுக்கும் அது இருந்தது.

கைதட்டியவர்கள் யார்?

இங்கேதான் ரசிகர்களும் கொஞ்சம் கண்ணாடி பார்க்க வேண்டியிருக்கிறது.

2024 அக்டோபர் 20. கரோலினாவுக்கு எதிரான ஆட்டத்தில் டேனியல்ஸுக்கு விலாவில் அடி. பாதியிலேயே வெளியேறினார். அடுத்த வாரம் சிகாகோ பேர்ஸ் அணியோடு ஆடுவாரா என்பது வாரம் முழுக்கச் சந்தேகம். ஆடினார். கடைசி விநாடி, 15-12 என்று பின்தங்கிய நிலை, நேரம் முடிந்துகொண்டிருக்கிறது. வானத்தைப் பார்த்து ஒரு எறி. 52 கெஜம். கூட்டத்தில் யாரோ கையில் பட்டு, பின்னால் தனியாக நின்ற நோவா பிரவுன் கையில் விழுந்தது. 18-15. லேண்டோவர் மைதானம் குலுங்கியது.

“விலாவில் அடிபட்டவரை ஏன் ஆட வைத்தீர்கள்?” என்று அன்று குவினை எத்தனை பேர் கேட்டார்கள்? அந்த ஆண்டு அணி 12 ஆட்டங்களை ஜெயித்து, சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே வரை போனது. கிரிஃபினைப் போலவே டேனியல்ஸும் டிராஃப்ட்டில் இரண்டாவது தேர்வு, கிரிஃபினைப் போலவே கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் டிராபி வாங்கியவர், கிரிஃபினைப் போலவே சிறந்த புதுமுக விருது வென்றவர். இந்த மூன்று ஒற்றுமையையும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்கள், நான்காவது ஒற்றுமை வந்துவிடுமோ என்று அப்போது பயப்படவில்லை.

விலாவில் அடி விவகாரத்தில் மருத்துவர்கள் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள், இரண்டும் ஒன்றல்ல என்று வாதிடலாம். வாதம் சரிதான். ஆனால் ரசிகர்கள் மருத்துவ அறிக்கையைப் பார்த்தா கைதட்டினார்கள்? பந்து விழுந்ததைப் பார்த்துக் கைதட்டினார்கள். சூதாட்டம் பலித்தால் துணிச்சல், பலிக்காவிட்டால் அலட்சியம். பயிற்சியாளரும் இந்தக் கணக்கைத்தான் மனதில் போட்டுக்கொள்கிறார்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 2002-ல் ஆன்டிகுவாவில் தாடை உடைந்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு பந்து வீசி லாராவை வீழ்த்திய அனில் கும்ப்ளேயை இந்தியா இன்றுவரை மெய்சிலிர்த்துப் பேசுகிறது. அன்று தாடைக்கு இன்னொரு அடி விழுந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள்?

தலைக்கு ஒரு நியாயம், முழங்காலுக்கு ஒரு நியாயமா?

என்எஃப்எல் நிர்வாகம் ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் பொறுப்பைப் பயிற்சியாளர் கையிலிருந்து பிடுங்கிவிட்டது. தலைக்காயம்.

2013 முதல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எந்த அணியையும் சேராத நரம்பியல் நிபுணர்கள் மைதான ஓரத்தில் நிற்கிறார்கள். மேலே அறையில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பாளர்கள் உண்டு. யாராவது தள்ளாடுவதாகத் தெரிந்தால், 2015 முதல் அவர்களே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லலாம். பயிற்சியாளர் கத்தினாலும் பயன் இல்லை.

இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது. 2022 செப்டம்பர் 25 அன்று மயாமி டால்ஃபின்ஸ் குவாட்டர்பேக் டுவா டகோவைலோவாவின் தலை தரையில் மோதியது. எழுந்து நடக்கும்போது கால் பின்னியது. முதுகுவலி என்று காரணம் சொல்லப்பட்டு, இடைவேளைக்குப் பிறகு மறுபடி ஆடினார். நான்கே நாளில் சின்சினாட்டியில் மீண்டும் தலையில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனார். முதல் ஆட்டத்தில் அவரைப் பரிசோதித்த சுயேச்சை நிபுணரை வீரர்கள் சங்கம் நீக்கியது. இரண்டு வாரத்துக்குள் விதி இறுக்கப்பட்டது. நடையில் தள்ளாட்டம் தெரிந்தால், காரணம் எதுவானாலும் அன்றைக்கு அவர் திரும்ப முடியாது.

முழங்கால், முழங்கை, தோள், விலா? அதெல்லாம் இன்னமும் அணியின் டாக்டர், பயிற்சியாளர், வீரர் மூவருக்குள் முடிகிற விஷயம். டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பது அணி. பயிற்சியாளர் வேலை நிலைப்பது வெற்றியில். வீரர் எதிர்காலம் நிற்பதும் ஆடுவதில். மூன்று பேருக்குமே “ஆடட்டும்” என்பதில்தான் லாபம். வேண்டாம் என்று சொல்வதில் லாபம் இருக்கிற நான்காவது ஆள் ஒருவரும் அந்த இடத்தில் இல்லை.

மூளைக்காயம் உயிர்ப் பிரச்சினை, ஜவ்வு கிழிவது அப்படி இல்லை, எல்லாவற்றுக்கும் வெளியாளைக் கொண்டுவந்தால் ஆட்டமே நடக்காது என்பார்கள். அதில் உண்மை உண்டு. இந்த ஆட்டத்தில் வலி இல்லாமல் யாரும் சீசனை முடிப்பதில்லை. ஆனால் அலெக்ஸ் ஸ்மித்தைக் கேட்டால் கால் உடைவது உயிர்ப் பிரச்சினை இல்லை என்று சொல்ல மாட்டார். 2018 நவம்பர் 18 அன்று இதே வாஷிங்டனுக்காக ஆடும்போது அவர் வலது கால் முறிந்தது. நோய்த்தொற்று ஏறி, காலை எடுக்க வேண்டிவருமோ என்கிற நிலை. 17 அறுவை சிகிச்சைகள். 2020-ல் மறுபடி களத்துக்கு வந்தது தனி அதிசயம். சரியாக 33 வருடத்துக்கு முன், 1985 நவம்பர் 18 அன்று, ஜோ தைஸ்மன் கால் முறிந்து ஆட்ட வாழ்க்கை முடிந்ததும் இந்த அணிக்காகத்தான். இரண்டு ஆட்டத்தின் ஸ்கோரும் 23-21. அவை விபத்துகள், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு குவாட்டர்பேக் கீழே விழுந்து எழாமல் கிடந்தால் அடிவயிறு ஏன் கலங்குகிறது என்பது புரியும்.

பயிற்சியாளரை மாற்றினால் சரியாகிவிடுமா?

முழங்கை ஆறி, 2025 டிசம்பர் 7 அன்று மினசோட்டாவுக்கு எதிராக டேனியல்ஸ் திரும்ப இறக்கப்பட்டார். அணி அப்போது 3 வெற்றி, 9 தோல்வி. பிளேஆஃப் வாய்ப்பு ஏறக்குறைய மிச்சமில்லை. அந்த ஆட்டத்தில் மறுபடி கீழே விழுந்து, அதே முழங்கை வலித்து, வெளியேறினார். 31-0. அத்தோடு அவருடைய சீசன் முடிந்தது. மொத்தம் 7 ஆட்டம். முந்தைய ஆண்டில் 12 வெற்றி கண்ட அணி 5 வெற்றியோடு நின்றது.

“டாக்டர் ஓகே சொன்னாங்க, இளம் வீரர் ஆடி ஆடித்தான் கத்துக்கணும்” என்று ஒரு தரப்பு. “ஒண்ணுமே மிச்சமில்லாத சீசன்ல எதுக்கு அவசரம்?” என்று இன்னொரு தரப்பு. முதல் தரப்பின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. குவாட்டர்பேக்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்க்க முடியாது. ஆனால் நவம்பர் 2-க்குப் பிறகு, சந்தேகத்தின் பலனை அணியிடம் கொடுக்க ரசிகர்கள் தயாராக இல்லை. ஒருமுறை விட்டுப் பிடித்த கயிறு.

கோபத்தின் முதல் கோரிக்கை எப்போதும் ஆளை மாற்றுவதுதான். வாஷிங்டனில் எதைத்தான் மாற்றவில்லை? அணியின் பெயரே 2020-ல் மாறியது. 2023-ல் டான் ஸ்னைடர் அணியை 605 கோடி டாலருக்கு ஜோஷ் ஹாரிஸ் குழுவுக்கு விற்றார். ஸ்னைடர் போனதைத் திருவிழாபோல் கொண்டாடினார்கள். மைதானத்துக்குக்கூட இப்போது வேறு பெயர். ஷனஹன் போய், ஜே குரூடன் வந்து, ரான் ரிவேரா வந்து, குவின் வந்தாகிவிட்டது. ஸ்கோர்போர்டைப் பார்த்து “போதும், வெளியே வா” என்று சொல்ல வேண்டிய அந்த ஒரு வேலை மட்டும் 2013-லும் யாருடையது என்று தெரியவில்லை, 2025-லும் தெரியவில்லை.

கோபத்தில் ரசிகர்கள் மறந்துவிடும் இன்னொரு ஆளும் உண்டு. டேனியல்ஸை வெளியே எடுத்திருந்தால் அந்த எட்டு நிமிடத்துக்கு உள்ளே போயிருக்க வேண்டியவர் மார்கஸ் மரியோட்டா. அவருக்கும் முழங்கை இரண்டுதான். தோற்றுப்போன ஆட்டத்தில் அவரை இறக்கலாம், அவர் மூட்டு விலகினால் பரவாயில்லை என்ற கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கணக்கு அதுதான். அந்த வேலைக்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

“வேண்டாம்” என்று சொல்லவே தெரியாத அணி அல்ல இது. 2012 டிசம்பர் 16. இங்காட்டா மோதி ஒரு வாரம். பிளேஆஃப் போட்டி கழுத்தைப் பிடிக்கும் நேரம், ஒரு தோல்வி வந்தாலும் சிக்கல். கிளீவ்லாந்து ஆட்டத்தில் ஆட வேண்டும் என்று கிரிஃபின் துடித்தார். அன்று அவரை வெளியே நிறுத்தினார்கள். நான்காம் சுற்றில் எடுத்த புதுமுகம் கிர்க் கசின்ஸ் இறங்கினார். 38-21 என்று வாஷிங்டன் ஜெயித்தது. மூன்று வாரம் கழித்து, சியாட்டிலோடு ஆடும்போது உடம்பைத் தயார்படுத்திக்கொண்டு வெளியே நின்றாரே, அதே கசின்ஸ்தான்.